லாபம் வந்தது சரி, பணம் வந்ததா?

சரக்கை லாரியில் ஏற்றி பில் போட்டுவிட்டால், பெரும்பாலும் கணக்குப்படி விற்பனை முடிந்துவிடுகிறது. வாங்கியவர் பணத்தை மூன்று மாதம் கழித்துத் தரலாம், இழுத்தடிக்கலாம், தராமலே போகலாம். லாப நட்டக் கணக்கு அதற்காகக் காத்திருப்பதில்லை. கடன் நோட்டில் எழுதிவைத்ததையும் கல்லாவில் விழுந்ததையும் ஒன்றாகவே எண்ணும் கணக்கு அது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் இருக்கிறது.

அதில் மூன்று பகுதிகள். தொழிலை நடத்தியதால் வந்த, போன பணம் முதல் பகுதி. இயந்திரம், கட்டடம், முதலீடுகள் வாங்கியது, விற்றது இரண்டாவது. கடன் வாங்கியது, அடைத்தது, பங்கு வெளியிட்டது, டிவிடெண்ட் கொடுத்தது மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் அந்த ஆண்டில் கையிருப்பு எவ்வளவு கூடியது, குறைந்தது என்பது வரும். கடைசியில் வரும் அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. கடன் வாங்கிக்கூட கையிருப்பைக் கூட்டிவிடலாம். விஷயம் முதல் பகுதியில், அதுவும் கூட்டுத்தொகைக்கு மேலே பொடி எழுத்தில் வரும் வரிகளில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி போக லாபம் 100 கோடி ரூபாய். தேய்மானம் 40 கோடி; இது ஏட்டில் எழுதிய செலவு, இந்த ஆண்டு யாருக்கும் பணமாகப் போகவில்லை. எனவே திரும்பக் கூட்ட வேண்டும்: 140. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி 90 கோடி கூடியிருக்கிறது, கழித்தால் 50. கிடங்கில் தேங்கிய சரக்கின் மதிப்பும் 30 கோடி கூடியிருக்கிறது, அதில் முடங்கிய பணத்தையும் கழித்தால் 20. சப்ளையர்களுக்கு இந்த நிறுவனம் தர வேண்டிய பாக்கி 10 கோடி கூடியதால் அந்த அளவு பணம் கையில் தங்கியது: 30. ஆக, 100 கோடி லாபத்தில் தொழில் தந்த பணம் 30 கோடிதான். (இந்திய நிறுவனங்கள் பொதுவாக வரிக்கு முந்தைய லாபத்தில் தொடங்கி, கட்டிய வரியைக் கடைசியில் கழித்துக் காட்டும். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.)

இதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவுகட்டக் கூடாது. வேகமாக வளரும் நிறுவனத்தில் பாக்கியும் சரக்கும் கூடத்தான் செய்யும். கேட்க வேண்டியது, விற்பனை எவ்வளவு கூடியது என்பது. விற்பனை 10 சதவீதம் கூட, பாக்கி மட்டும் 60 சதவீதம் கூடியிருந்தால், ஆண்டுக் கடைசியில் சரக்கை வியாபாரிகள் தலையில் கட்டியிருக்கலாம், அல்லது வசூலாகாத பில்கள் குவிந்திருக்கலாம். ஓர் ஆண்டைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, ஐந்தாறு ஆண்டு லாபத்தைக் கூட்டி, அதே ஆண்டுகளில் தொழில் தந்த பணத்தின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒட்டிப்போனால் நல்லது. தேய்மானம் அதிகமுள்ள தொழிலில் பணம் லாபத்தைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

சரி, இந்த முதல் பகுதியையே ஜோடித்துவிட்டால்? அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம் அதைச் செய்தது. பிற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்த அது கட்டணம் கட்டி வந்தது. அன்றாடச் செலவு அது. அதில் 380 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் சொத்து வாங்கிய கணக்கில் எழுதிவிட்டார்கள். 2001-ம் ஆண்டும் 2002-ன் முதல் காலாண்டும் இப்படியே ஓடின. நிறுவனத்தின் உள்தணிக்கையாளர்கள் கண்டுபிடிக்க, 2002 ஜூன் 25 அன்று உண்மை வெளியே வந்தது. அடுத்த மாதமே திவால் மனு. செலவு இரண்டாம் பகுதிக்கு நகர்ந்ததால் லாபமும் பெருத்தது, தொழில் தந்த பணமும் பெருத்தது. ஆனால் இயந்திரம், சொத்துகளுக்குப் போன பணத்தைத் தொழில் தந்த பணத்திலிருந்து கழித்துப் பார்த்தவருக்கு அந்தத் தில்லுமுல்லால் ஒரு டாலர்கூட மாறியிருக்காது: மேலே கூடிய அதே தொகை கீழே கழிந்துவிடும். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்று இந்த மிச்சத்தைத்தான் சொல்கிறார்கள். முதலீட்டாளர் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்ப்பேன் என்றால், நான் இதைத்தான் காட்டுவேன்.

சட்டப்படியே எண்கள் இடம் மாறுவதும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் குத்தகைக்கான புதிய கணக்கு விதி, இந்த் ஏஎஸ் 116, நடைமுறைக்கு வந்தது. அதுவரை முதல் பகுதியில் செலவாகக் கழிந்த நீண்டகாலக் குத்தகை வாடகையின் பெரும்பகுதி, கடன் அடைப்பதுபோல மூன்றாம் பகுதிக்குப் போய்விட்டது. கடைகளையும் விமானங்களையும் வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களில் தொழில் தந்த பணம் திடீரென்று கூடியதாகத் தெரிந்தது. கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. கட்டிய வட்டியும் நம் ஊர் நிறுவனங்களில் மூன்றாம் பகுதியில்தான் வரும். அமெரிக்க விதிப்படி அது முதல் பகுதிக்கு உரியது. அதனால் கடன் மலைபோல் இருக்கும் இந்திய நிறுவனத்தின் முதல் பகுதி, இருப்பதைவிட அழகாகத் தெரியும். குத்தகையையும் வட்டியையும் நாமே கழித்துக்கொள்வதுதான் வழி.

அப்புறம் நிதியாண்டு முடியும் மார்ச் 31. அன்றைக்குக் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று வசூலை முடுக்கி, சப்ளையர்களுக்குத் தர வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளுவது பழைய வித்தை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செப்டம்பர் முடிவிலும் அரையாண்டு அறிக்கையோடு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டைத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. வங்கிகளுக்கு மட்டும் இந்த வழிமுறைகள் எதையும் பொருத்திப் பார்க்க வேண்டாம். பணமே அவர்களின் சரக்கு என்பதால் டெபாசிட்டும் கடனும் முதல் பகுதியிலேயே வந்து குழப்பும்.

அறிக்கை முழுக்கச் சரியாகக் கூட்டல் வந்தும் அடித்தளமே பொய்யாக இருக்கலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டரின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். சேர வேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். வங்கியில் போய் எண்ணிப் பார்க்க முதலீட்டாளரால் முடியாதுதான். ஆனால் லாபக் கணக்கில் வட்டி வருமானம் என்ன, கேஷ் ஃப்ளோவின் இரண்டாம் பகுதியில் உண்மையில் கைக்கு வந்த வட்டி என்ன என்று ஒப்பிடலாம். அந்த வட்டி, காட்டும் இருப்புக்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடலாம். ஃபிக்சட் டெபாசிட்டுக்கு வங்கிகள் 7 சதவீதம் தரும் காலத்தில் இவர்களுக்கு 2 சதவீதம்தான் வருகிறதா? இவ்வளவு பணம் இருக்கும்போது ஏன் இன்னும் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள்? ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்க ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் போதும்.