முதுகில் போட்ட ஊசியை விடுங்கள், உட்காரும் ஸ்டூலைப் பாருங்கள்

"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கங்க மேடம், அதுல இருந்துதானுங்க இந்த வலி."

இந்த வாரம் மட்டும் நான்காவது முறையாக இதைக் கேட்டேன். சொன்னவர் திருப்பூரில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் தையல்) தைப்பவர். வயது 34. குழந்தை பிறந்து ஒன்பது வருடம், வலி தொடங்கி இரண்டு வருடம். நடுவில் வலியே இல்லாமல் போன ஏழு வருடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எதில் உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் ஸ்டூலாம். உயரம் போதாமல், வேஸ்ட் துணியை மூட்டையாகக் கட்டி அதன்மேல் போட்டிருக்கிறார். சாய்மானம் கிடையாது. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுவார்.

ஊசி விஷயத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். மரத்துப்போக வைக்கும் அந்த மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் முதுகு வலிக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்களும், அதே ஷெட்டில் தைக்கும் ஆண்களும் இதே வலியோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு யார் ஊசி போட்டார்கள்? பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும், குனிந்து பால் கொடுப்போம், குழந்தையைத் தூக்குவோம். அந்த வலியும் ஊசியின் தலையில்தான் விழுகிறது. இந்தப் பயத்தால் அவசர ஆபரேஷனுக்கே தயங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை இனியும் பரப்பாதீர்கள்.

அடுத்தது, "உட்கார்ந்த வேலைதானே" என்ற பேச்சு. தையல் மெஷினின் ஊசிமுனையைப் பார்க்கக் கழுத்தையும் முதுகையும் வளைத்தபடி பன்னிரண்டு மணி நேரம் இருப்பது லேசான வேலை இல்லை.

சின்ன யூனிட் முதலாளிகளின் நிலைமை எனக்குத் தெரியும். பலர் டெய்லராக இருந்து, வாடகை ஷெட்டில் எட்டு மெஷின் போட்டவர்கள். விலை உயர்ந்த நாற்காலி வாங்கச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சிறு தொழில்களை மனதில் வைத்துத்தான் சர்வதேச தொழிலாளர் நிறுவனம், செலவு குறைந்த மாற்றங்களைத் தொகுத்து 1996லேயே கையேடு போட்டது.

முதலில் மெஷின் ஸ்டாண்டைப் பாருங்கள். பெரும்பாலான பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) ஸ்டாண்டுகளின் கால்களில் போல்ட் இருக்கும். தளர்த்தினால் மேசையை ஏற்றி இறக்கலாம். மெஷின் வந்த அன்று முடுக்கியதோடு சரி, அப்புறம் யாரும் தொடுவதே இல்லை. உட்கார்ந்து தோளைத் தளர விட்டு முழங்கையை மடக்குங்கள். பலகை அந்த மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். பெடல் எட்டவில்லை என்றால் நுனியில் உட்காராதீர்கள், மெக்கானிக்கிடம் சொல்லிப் பெடலை நகர்த்துங்கள். சாய்மானம் உள்ள பழைய மர நாற்காலி ஒன்று கிடைத்தால், அதன் கால்களை அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம். தைக்க வேண்டிய துணிக் கட்டை, அதாவது பண்டிலைத் தரையில் போடாமல் பக்கத்து ஸ்டூலில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். ரேட் போய்விடும் என்பீர்கள். ஒரு வாரம் படுத்தால் எவ்வளவு போகும்?

மெடிக்கலில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துங்கள். மாதக்கணக்கில் போட்டு வயிற்றுப் புண்ணோடு வருகிறீர்கள். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு, அது மட்டுமே போதும் என்று இருக்காதீர்கள். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு: இடுப்பில் வரும் வலி சில நேரம் சிறுநீர்த் தொற்றாக இருக்கிறது. குடியுங்கள் அம்மா.

காலில் மரத்துப்போதல் பரவினாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ, என்னிடம் வராதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சனிக்கிழமை சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.