அற்ககோல், எதனோல், மதுசாரம்

திருகோணமலைக் கடையொன்றில் வாங்கிய முகப்பூச்சுக் குப்பியின் முன்புறத்தில் ‘அற்ககோல் அற்றது’ என்றும், பின்புறச் சேர்மானப் பட்டியலில் ‘சீற்றைல் அற்ககோல்’ என்றும் அச்சிட்டிருந்ததைக் காட்டி, இது பொய்யில்லையா என்று உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள். பொய்யில்லை. முன்புறத்தில் அச்சொல் எதனோல் என்னும் ஒரே பொருளைக் குறிக்கிறது. பின்புறத்தில் ஒரு குடும்பத்தையே குறிக்கிறது.

இரசாயனவியலில் அற்ககோல் என்பது, நிரம்பிய (ஒற்றைப் பிணைப்புகளை மட்டுமே கொண்ட) காபன் அணுவொன்றுடன் ஐதரொட்சில் கூட்டம் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த -OH) பிணைந்துள்ள சேதனச் சேர்வைகள், அதாவது காபன் சேர்வைகள், அனைத்துக்கும் வகுப்புப் பெயர். கள்ளிலும் சாராயத்திலும் உள்ள எதனோல், 2 காபன் அணுக்களைக் கொண்ட ஓர் உறுப்பு மட்டுமே. சீற்றைல் அற்ககோலில் 16 காபன் அணுக்கள் உள்ளன. அது வெறியூட்டாத, மெழுகு போன்ற வெண்ணிறத் திண்மம். பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரோல் 1817இல் அதனைத் திமிங்கில மெழுகிலிருந்து பெற்றமையால், திமிங்கிலத்துக்கான இலத்தீன் சொல்லே அதன் பெயரில் தங்கிவிட்டது. அம்மெழுகைத் தலையில் சுமக்கும் திமிங்கில இனம் நமது கடலிலும் தென்படுவதுண்டு.

சொல்லின் மூலம் அரபு மொழியின் ‘அல்-குஹ்ல்’, அதாவது மூதூரிலும் கிண்ணியாவிலும் சுறுமா எனப்படும் கண்மைப்பொடி. நுண்பொடி என்ற பொருள் விரிந்து எப்பொருளினதும் நுண்சாரத்தைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மருத்துவர் பராசெல்சஸ் வைனின் சாரத்தை ‘வைனின் அற்ககோல்’ என்று வழங்கினார். பின்னர் வைன் உதிர்ந்து அற்ககோல் மட்டும் நின்றது; 19ஆம் நூற்றாண்டில் அதே அமைப்புடைய பிற சேர்வைகளுக்கும் அப்பெயர் பரவியது. கண்ணுக்கு அழகூட்டிய சொல்லின் கீழேயே, ஈரலில் போமிக்கமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் மெதனோல் என்னும் அற்ககோலும் வந்து சேர்ந்தது விந்தைதான்.

ஒன்றின் பெயர் இனத்தின் பெயராவது தமிழுக்குப் புதிதன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். அப்பெயர் தேங்காய்க்கும் வேம்புக்கும் பொதுவாகிவிட்டதால், எள்ளினுடையதை நல்லெண்ணெய் என்று பிரித்துச் சொல்ல நேர்ந்தது. மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே என்று அதில் எவரும் தாளிப்பதில்லை.

வகுப்புக்கு இலங்கைப் பாடநூல்களில் அற்ககோல் என்றும் தமிழகத்தில் ஆல்கஹால் என்றும் எழுதுவர். மதுசாரம் என்பதையும் சிலர் அவ்வகுப்புக்கே வழங்குகின்றனர். அதனை நான் ஏற்பதில்லை. மதுவின் சாரம் எதனோலே. வகுப்பு முழுவதையும் மதுசாரம் என்றால், நஞ்சாகிய மெதனோலுக்கும் குடிவகையின் பெயரைச் சூட்டியதாகும். சாராயமோ வடித்த குடிவகையின் பெயர், சேர்வையின் பெயரன்று. எனவே வகுப்புக்கு அற்ககோல், ஆய்வுகூடத்தில் அந்த ஒரு சேர்வைக்கு எதனோல், குடிப்பழக்கத்தைப் பேசுமிடத்தில் மதுசாரம் என்று வைத்துக்கொள்வதே தகும். மாணவியின் குப்பியில் ‘மதுசாரம் அற்றது’ என்று தமிழில் இருந்திருந்தால், பின்புறப் பட்டியல் அவளைத் திகைக்க வைத்திராது.