செட்டிநாட்டு வீட்டில் கொத்தனார் கை வைப்பதற்கு முன்

பழைய வீடுகளையும் அவை நிற்கும் ஊர்களையும் ஆராய்ந்து வரலாறு எழுதுவது என் தொழில். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது வீட்டின் வயது. நான் முதலில் தேடுவது மழைத்தண்ணீர் போகும் வழி.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழும்பிய வீடுகளில், நாட்டு ஓட்டுக் கூரை நான்கு புறமும் வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கூரைகள் கூடும் மூலையில் கொட்டும் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள். மிச்சம் முற்றத்து வடிகாலில் இறங்கி, தெருக் கால்வாய் வழியாக ஊர்க்குளமான ஊருணிக்குப் போனது. பர்மா தேக்குத் தூணைப் படம் எடுக்க வருபவர்கள் இந்த வடிகாலைக் கவனிப்பதே இல்லை. எங்களுக்கோ, தெருவின் சரிவையும் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலையும் அளக்காமல் வீட்டின் கதை பாதிதான் கிடைக்கும்.

இப்போது வடிகாலை அடைத்து, முற்றத்துக்கு டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் சுவரில் ஈரம் ஏறும். அதை மறைக்க சிமெண்ட் பூச்சு. இதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். செங்கல்லும் சுண்ணாம்பும் இழுத்த ஈரத்தைத் தாமே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில மழைக்காலம் போனதும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும். அடிச்சுவரில் உப்புப் பூத்திருக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்தால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த பழைய பூச்சும் கூடவே பெயர்ந்துவிடும். எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பிறகு சேர்ந்தது என்று நாங்கள் கண்டுபிடிப்பது அந்தப் பூச்சு அடுக்குகளை வைத்துத்தான்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியல் மட்டுமே எந்த வீட்டையும் காப்பாற்றாது. வீட்டில் பங்குள்ள பங்காளிகள் ஒத்துப்போனால்தான் உண்டு.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் கட்டடக்கலையோடு பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் வாசிக்கப் பழக வேண்டும். லேசர் கருவியால் அளக்கச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். கணக்கு நோட்டை வாசிக்க வருடங்கள் பிடிக்கும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. பெட்டகத்தில் கிடக்கும் கட்டடக் கணக்கு, ரங்கூன் கடிதங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டின் எந்தக் கட்டு (பகுதி) யாருக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கலாம். வேலை தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைக் கொத்தனாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.