நல்ல தண்ணி காபி, உப்புத் தண்ணி காபி

ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் ஏறக்குறைய 99. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான். இது தெரியாத காலத்தில், மலையில் ஒரு கடையில் காபி குடித்து ருசியில் மயங்கி, அங்கேயே அரைத்து வாங்கி வந்த பொடி சேலத்தில் எங்கள் வீட்டில் சப்பென்று இருக்கவும், கடைக்காரர் பொட்டலத்தை மாற்றிவிட்டார் என்று ஒரு வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவர்.

காபியில் தண்ணீரின் வேலை என்ன என்று பார்த்தால் விஷயம் புரியும். வறுத்த பொடியில் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம்தான், மிச்சமெல்லாம் சக்கை. அந்த முப்பதும் ஒரே நேரத்தில் இறங்காது. புளிப்பும் காஃபீனும் முந்திக்கொண்டு வரும், அப்புறம் இனிப்பும் வறுத்த வாசனையும், கசப்பும் துவர்ப்பும் கடைசியில். முதல் டிக்காஷன் தேன் மாதிரி இருப்பதும், மதியம் திடீரென வந்த விருந்தாளிக்கு இறக்கும் இரண்டாம் டிக்காஷன் கசப்புத் தண்ணீராக இருப்பதும் இதனால்தான்.

பில்டரில் அவசரத்துக்கு இடமே கிடையாது. பொடியைப் போட்டு, குடை மாதிரி இருக்கும் தட்டை வைத்து லேசாக அழுத்தி, கொதித்த தண்ணீரை ஊற்றினால் பொடி முதலில் உப்பும், வறுக்கும்போது உள்ளே சிக்கிய கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும், அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக இறங்க அரை மணி நேரமாவது ஆகும். சில நாள் இறங்கவே இறங்காது. பொடி ரொம்ப நைஸாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி கீழே இருக்கும் காற்று வெளியேற வழி இருக்காது. அம்மா ஒன்றும் பேசாமல் மேல் பாத்திரத்தை ஒரு திருகு திருகித் தூக்கி வைப்பார், சொட்ட ஆரம்பித்துவிடும்.

என் மாமனார் கும்பகோணத்துக்காரர். அவரிடம் காபியைப் பற்றிப் பேசுவது வம்பை விலைக்கு வாங்குவது. முதல்முறை எங்கள் வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, புளிப்பு தட்டுதே?" என்றார். தட்டத்தான் செய்யும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி விளைகிறது, பெரும்பாலும் சில்வர் ஓக் நிழலில் வளரும் அராபிகா. குளிர்ந்த உயரத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், அந்த இளம்புளிப்பு அதன் குணம். நான் சிக்கரி சேர்ப்பதில்லை. அவருக்கு எண்பதுக்கு இருபது இல்லாமல் ஆகாது.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். காஃபீன் துளியும் இல்லை. அதிலுள்ள இன்யூலின் என்ற மாவுப்பொருள் வறுக்கும்போது உடைந்து கருகிய சர்க்கரை மாதிரி ஆகிவிடும், அதுதான் அந்தக் கருநிறமும் லேசான இனிப்பும். கரையும் அளவும் காபியைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதனால் டிக்காஷன் கெட்டியாகத் தெரியும், கூடப் பால் ஊற்றினாலும் தாங்கும். கலப்படம் என்று ஏளனம் செய்ய மாட்டேன், ஆனால் சட்டப்படி பொட்டலத்தில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாரின் அடுத்த வாதம் காவிரித் தண்ணீர். காவிரி எங்க சேலம் பக்கத்து மேட்டூரைத் தாண்டித்தானே மாமா கும்பகோணம் வருது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே பொடியை இரண்டு பில்டரில் போட்டு, ஒன்றில் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணியும் இன்னொன்றில் குழாயில் வரும் நல்ல தண்ணியும் ஊற்றிப் பார்த்தேன். உப்புத் தண்ணி டிக்காஷனில் புளிப்பும் இல்லை, வாசனையும் மங்கல். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், காபியின் அமிலத்தை முறித்துவிடும். சுத்தமாக உப்பே இல்லாத தண்ணீரும் உதவாது, கொஞ்சம் மக்னீசியம், கால்சியம் இருந்தால்தான் சுவை பொடியிலிருந்து பிரிந்து வரும். நான் கடைக்காரரைத் திட்டிய வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.

இவ்வளவு பேசுகிறவன் சேலத்து ஐந்து ரோடு பக்கம் போனால் ஏசி கடையில் கப்புச்சினோ குடிப்பேன், வீட்டில் சொல்வதில்லை. அங்கே காற்றழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளி, நம் பில்டரின் அரை மணி நேர வேலையை அரை நிமிடத்தில் முடிக்கிறார்கள். பாலையும் பொங்க விடுவதில்லை, நீராவியால் 60, 65 டிகிரி வரை சூடேற்றி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் காய்ச்சின வாடை வராது, சர்க்கரை போடாமலே இனிக்கிற மாதிரி இருக்கும். பால் புரதம் காற்றைப் பொடிக் குமிழ்களாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் நுரை கடைசி வாய் வரை நிற்கும். டபராவில் ஆற்றும்போது வருவது பெரிய குமிழ், சீக்கிரம் உடைந்துவிடும். ஆனால் அந்த உயரத்திலிருந்து ஊற்றும் வித்தையை எந்த மிஷினும் செய்யாது.

போன பொங்கலுக்கு வந்த மாமனார், கிளம்பும்போது ஏற்காட்டுப் பொடி அரைக் கிலோ கேட்டு வாங்கிப் போனார். நாலு நாள் கழித்து போன். "மாப்பிள்ளை, அங்க குடிச்ச மாதிரி இல்லையே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?"