மாமா தள்ளிவைத்த கல்

ரங்கூன் போஜோ மார்க்கெட்டில் கல் வியாபாரம் செய்யும் என் மாமாவிடம் ஒரு பழைய மோதிரம் இருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பினால் அதன் கல் வைரத்தைவிட அதிகமாக நிறம் தெறிக்கும். “இவ்வளவு தெறிச்சாலே சந்தேகப்படணும்” என்பார் மாமா. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பட்டைகளின் ஓரம் மழுங்கிக் கீறல் விழுந்திருக்கும். 1950களில் வைரத்துக்குப் பதிலாக விற்க ஆரம்பித்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் அது.

மாமா தள்ளிவைத்த அந்தக் கல்லை இயற்பியல்காரர்கள் கொண்டாடுகிறார்கள். சுத்தமான நிலையில் அதில் மின்சாரம் பாயாது, மின்கம்பத்துப் பீங்கான் மாதிரி. லாந்தனம் அலுமினேட் என்ற இன்னொரு ஆக்சைடும் அப்படித்தான். ஆனால் முதல் கல்லின் மேல் இரண்டாவதை மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்தால், இரண்டும் ஒட்டும் இடத்தில் மின்சாரம் ஓடுகிறது! 2004இல் ஒட்டோமோ, ஹ்வாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள்.

சரி, எங்கிருந்து வந்தன எலக்ட்ரான்கள்? ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் அடுக்குகளில் மின்னூட்டம் இல்லை. லாந்தனம் அலுமினேட்டிலோ ஓர் அடுக்கு நேர், அடுத்தது எதிர் என்று மாறி மாறி வரும். மேலே அடுக்க அடுக்க மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மூன்று படிக அலகு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) உயரம் வரை எதுவும் நடக்காது. நான்காவது ஏறியதும், அதாவது சுமார் ஒன்றரை நானோமீட்டரில், அழுத்தம் தாளாமல் எலக்ட்ரான்கள் ஒட்டும் இடத்துக்கு இறங்கிவிடுகின்றன. படிகத்தில் ஆக்சிஜன் விட்டுப்போன ஓட்டைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்ற வாதம் இருக்கிறது. என் கணிப்பில் இரண்டுமே சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

அப்புறம் 2007இல்தான் நான் இன்றும் வியக்கும் செய்தி வந்தது. ஜெனீவா, ஆக்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அந்த ஒட்டுமிடத்தைத் தனிச்சுழிக்கு (அதற்குக் கீழே குளிரவைக்கவே முடியாத எல்லை, சுமார் மைனஸ் 273 செல்சியஸ்) மேலே வெறும் 0.2 டிகிரி வரை குளிரவைத்தார்கள். மின்தடை அடியோடு போய்விட்டது. சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக முட்டிமோதிப் போவதால்தான் கம்பி சுடுகிறது. இப்படி மின்தடையே இல்லாமல் போன பொருளை மீகடத்தி என்பார்கள்; அதில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒரே அலையாக நகர்வதால் அந்த இழப்பே இல்லை. அதுவும் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுக்குள்!

இவ்வளவு மெல்லிய இடத்தில் எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தமே அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் போதும். 2008இல் அப்படியே மீகடத்தலை விளக்கு சுவிட்ச் போல அணைத்து ஏற்றிக் காட்டினார்கள். 2021இல் பொட்டாசியம் டான்டலேட் என்ற இன்னொரு ஆக்சைடின் ஒட்டுமிடத்தில் இதே மீகடத்தல் தனிச்சுழிக்கு மேலே சுமார் 2 டிகிரியிலேயே கிடைத்தது, பத்து மடங்கு அதிக வெப்பநிலை.