எட்டு மாதத்தில் தென்னை பதில் சொல்லாது

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு அழைத்திருந்தார்கள். நுண்ணூட்டக் கலவை விற்க வந்தவர்கள், வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசை மரங்களுக்கு அதை இட்டுக் காட்டியிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து நடந்த வெட்டில் அந்த மரங்களில் மட்டும் காய் கூடுதல். தோப்பு முழுவதற்கும் வாங்கிவிடலாமா என்று தோட்டத்துக்காரர் கேட்டார்.

“இன்று வெட்டிய காய்க்குப் பாளை எப்போது வெடித்ததுங்க ஐயா?” என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர், ஒரு வருடம் என்றார். அப்படியானால் கலவை மண்ணில் விழுந்த அன்றே அந்தக் காய்க்கு நான்கு மாத வயது. குரும்பை, அதாவது இளம் பிஞ்சு, உதிர்வது பெரும்பாலும் பாளை வெடித்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். உதிர வேண்டியது உதிர்ந்து, நிற்க வேண்டியது நின்ற பிறகுதான் கலவையே வந்திருக்கிறது. பருப்பு கொஞ்சம் தடித்திருக்கலாம். எண்ணிக்கை கூடியதற்கு வாய்க்கால் தண்ணீர்தான் காரணம் என்பேன். பாளையின் கணக்கோ இன்னும் பழையது. குருத்துக்குள் அது உருவாகி வெளியே வெடிக்க ஏறக்குறைய 32 மாதம், காய் முற்ற மேலும் 12 மாதம். ஆகவே நான்கு ஆண்டுக்குக் குறைந்த தென்னைச் சோதனையின் முடிவை நான் கையில் வாங்குவதில்லை.

முதல் வேலை, எதையும் இடாமல் எண்ணுவது. ஒரே தோப்பில், ஒரே வயதில், ஒரு மரம் 60 காயும் அடுத்த மரம் 140 காயும் தருவது சாதாரணம். இந்த வேறுபாட்டை முன்கூட்டி அளக்காவிட்டால், பின்னால் வருவது உரத்தின் பலனா மரத்தின் குணமா என்று பிரிக்கவே முடியாது. இரண்டு ஆண்டு ஒவ்வொரு வெட்டிலும் மரவாரியாக எழுதி, ஏறத்தாழ ஒரே அளவு காய்க்கும் மரங்களைக் குழுவாக்கி, எந்த மரத்துக்கு உரம், எதற்கு இல்லை என்று குழுவுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். சோதனை மரங்களுக்கு நடுவே ஒரு வரிசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். உரமும் நீரும் பக்கத்துப் பாத்திக்கும் கசியும்.

மாமரத்தில் இன்னொரு சிக்கல். ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் ரகங்களில், காய்ப்பு ஆண்டையும் ஓய்வு ஆண்டையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

நெல்லில் சோதனை தவறினால் ஒரு போகம் போகும். மரத்தில் தவறினால் ஒரு குடும்பத்தின் நான்கைந்து ஆண்டுப் பணமும் நம்பிக்கையும் போகும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்தத் தோப்பில் இப்போது மரங்களுக்கு மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியாகிவிட்டது. மரமேறுபவர் ஒவ்வொரு மரத்திலிருந்தும் இறங்கியதும் மரத்தின் எண்ணையும் காய்க் கணக்கையும் சொல்ல, தோட்டத்துக்காரரின் மகள் நோட்டில் குறிக்கிறாள். இரண்டு வெட்டு முடிந்திருக்கிறது. எந்த மரத்துக்கும் இன்னும் எதுவும் இடவில்லை.