எலிவேஷனில் ஒட்டுகிற கைவேலை

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் வீடு கட்ட வருகிறவர்களில் பலர் என்னிடம் சொல்வது இதுதான்: "முதல்ல வீடு முடியட்டும் சார், கேரளா ஸ்டைல் எலிவேஷனை அப்புறம் பார்த்துக்கலாம்." எலிவேஷன் என்றால் வீட்டின் முகப்புத் தோற்றம். அதற்கான கைவேலையைக் கடைசியில் யோசித்தால் அது ஸ்டிக்கராகத்தான் வந்து சேரும்.

சரிவாக கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்ட் வைத்து ஓடு ஒட்டுகிறார்களே, அதைப் பாருங்கள். பழைய ஓட்டுக்கூரையில் ஓடுகளின் இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும். ஒட்டின ஓட்டில் அந்த வழி இல்லை. பகலில் சூடேறிய கான்கிரீட் ராத்திரி முழுக்க அறைக்குள் அனல் விடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கிவிட்டால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவே திண்டாட வேண்டும்.

தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். சுற்றிப் பார்க்கிறவர்கள் பூமுகத்து (வாசல் மண்டபத்து) மரச்செதுக்கலைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது சாய்வான மரச்சட்டங்கள் வைத்த ஜன்னல்களை. உள்ளே நிற்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. கண்கூச்சமும் சாரலும் தடுக்கப்படும், காற்று மட்டும் வரும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரை முனையில் இருக்கும் செதுக்கிய முகப்பும் அப்படித்தான். அழகுக்கு என்று நினைப்போம். கூரைக்குக் கீழே மச்சில் தேங்கும் சூட்டை வெளியேற்றுவது அதன் துளைகள்தான். கூரையைத் தாங்கும் சாய்வான கழுக்கோல்களைத் துளைத்து, குறுக்கே மரச்சட்டம் கோத்து ஆசாரி இறுக்கியிருப்பார். எது அலங்காரம், எது கட்டுமானம் என்று பிரிக்க முடியாது.

இதை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் வடிவமைத்த சிடிஎஸ் (வளர்ச்சி ஆய்வு மையம்) வளாகத்தில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள் இருக்கின்றன. அதே செங்கல், அதே கொத்தனார், ஜன்னல் செலவு மிச்சம். செங்கலைக் குத்தாக நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் குறையும், சூடும் குறைவாக இறங்கும். ஒரு காலத்தில் 'பூச முடியாதவன் வீடு' என்று சிரித்தவர்கள், இன்று பூசிய சுவரில் செங்கல் டிசைன் டைல்ஸ் ஒட்டுகிறார்கள்!

மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேக்குப் பலகையை சிஎன்சியில் (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷினில்) வெட்டினால் என்ன குறைந்துவிடும்? மழை படும் இடத்தில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வெட்டி மாட்டுவதுதான் வீண் செலவு. ஈரத்தில் ஊதிப்போகும்.

சிமெண்டில் சிவப்புப் பவுடர் கலந்து போடும் ரெட் ஆக்சைடு தரையை மெஷின் போடாது. ஓர் அறையை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும், விரிசலும் அங்கேதான் வரும். பவுடரின் அளவு, கரண்டியால் தேய்க்கத் தொடங்கும் நேரம் எல்லாம் கைப்பழக்கம். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வேலையை முடித்த பிறகுதான் தரையில் கை வைக்கலாம். போட்டு முடித்ததும் சில நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். பெயிண்ட் கறை போக ஆசிட் ஊற்றினால் போச்சு. ஆத்தங்குடி டைல்ஸுக்கும் இதே எச்சரிக்கை. அது சூளையில் சுட்டது இல்லை, சிமெண்ட். ஆசிட் அதை அரித்துவிடும்.

இந்த வேலைகள் அருகிப்போவதற்கு ஆள் இல்லாதது மட்டும் காரணம் இல்லை என்பேன். சதுர அடி ரேட்டில் கான்ட்ராக்ட் பேசும்போது அந்த ரேட்டுக்குள் கைவேலைக்கு இடமே இருப்பதில்லை. பிறகு கேட்டால் 'எக்ஸ்ட்ரா'. அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தரை, ஜாலி, மரவேலைக்கு எஸ்டிமேட்டில் தனித்தனி வரி போடச் சொல்லுங்கள். ஆசாரியோ தரைக்காரரோ, முன்பு செய்து சில மழைக்காலம் கண்ட வேலையைப் போய்ப் பாருங்கள். சைட்டிலேயே சின்ன மாதிரி ஒன்று செய்ய வைத்து, அதற்கும் கூலி கொடுங்கள். செதுக்கல் வேலையைச் சதுர அடியில் பேசினால் அவர் அவசரப்படத்தான் செய்வார். நாள்கூலி பேசுவதே நல்லது.

மரத்துக்கு, பழைய வீடு இடிக்கிற இடங்களில் விசாரியுங்கள். நன்றாகக் காய்ந்த தேக்கு, அயனி, பலா கிடைக்கும். செல்லரித்திருக்கிறதா, உள்ளே ஆணி இருக்கிறதா என்று ஆசாரியைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்த மரத்தின் நீளத்தை எழுதிக்கொண்டு வந்தால் கதவு, ஜன்னல் அளவை அதற்கேற்பப் போடலாம். பிளான் அப்ரூவலுக்குப் போகும் முன்பே இது நடக்க வேண்டும்.